பழைய மோட்டார் வண்டிகளும் நகல் உறுப்புகளும்

மோட்டார் வண்டியும் பழம்பொருள்களின் வரிசையில் ஏறிவிட்டதென்று கூறின், நம் மாணவ நேயர்களுட் சிலர் நகைத்தல் கூடும். ஓலைச்சுவடியும் செப்பேடும் கற்றூணும் அன்றோ பழம்பொருள்கள், பெட்ரோல் பருகிப் புகை கக்கும் யந்திரமும் அவற்றோடு ஒக்குமோ என்பர். ஆயினும், பழைய வண்டிகளைப் பேணும் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பொன்று 1966ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்று, பிவா என்னும் சுருக்கப் பெயரால் இன்றளவும் நடைபெற்று வருகின்றது. 30 ஆண்டுகளேனும் நிரம்பிய வண்டியையே அது சரித்திர வண்டியெனக் கொள்ளும். ஓடாது கிடந்த வண்டியை ஓடச்செய்து, துருவை நீக்கி, செய்த நாளில் இருந்த கோலத்திற்கு மீட்பது மேனாடுகளிற் பலர்க்கு ஒரு கலையாகவும் சிலர்க்கு ஒரு பித்தாகவும் ஆகிவிட்டது. அப்பித்து நம் நாட்டிலும் தொற்றியுள்ளது. எம்மையும் அது விட்டபாடில்லை.

இக்கலையிலுள்ள பெருந்தொல்லை உறுப்புகளைப் பற்றியது. வண்டியைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது; அதற்கு உறுப்புகள் செய்து கொடுத்த சிறு கம்பெனிகளும் மறைந்தன; வரைபடங்கள் காகிதக் கடைக்குப் போயின. ஆனால் தேய்வதும் ஒடிவதும் நிற்கவில்லை. ஆகவே, வேறு யாரோ ஒருவர் பழைய உறுப்பொன்றை மாதிரியாக வைத்துப் புதிதாய்ச் செய்து விற்கிறார். இவற்றையே யாம் இக்கட்டுரையில் நகல் உறுப்புகள் என்போம். பத்திரத்திற்கு அசலும் நகலும் உண்டல்லவா? பத்திரத்தின் நகலில் எழுத்து மாறாதிருந்தாற் போதும். யந்திர உறுப்பின் நகலிலோ, கண்ணுக்குப் புலனாகும் வடிவம் மாறாதிருந்தும் பொருள் மாறியிருக்கக்கூடும். அம்மாற்றம் வண்டி சூடேறிய பின்னரே வெளிப்படும். இதனை யாம் புத்தகத்திற் படித்து அறிந்தோமல்லோம்.

எம் நண்பரொருவர், இக்கல்லூரியின் பழைய மாணவர், தம் தந்தையார் வாங்கிய மாரிஸ் மைனர் வண்டியைப் பல்லாண்டுகள் கொட்டகையில் உறங்கியபின் எடுத்துச் சீர்ப்படுத்தினார். அவ்வண்டியை இளைஞர் பலர் கண்டிரார். அலெக் இசிகோனிஸ் என்னும் அறிஞர் வகுத்த அது 1948ஆம் ஆண்டில் வெளிப்போந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்குமுன் 16 லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. பத்து லட்சம் என்னும் எண்ணை எட்டிய முதல் ஆங்கில வண்டியும் அதுவே. நம் நாட்டில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் அதனைப் ‘பேபி இந்துஸ்தான்’ என்னும் செல்லப் பெயரால் விற்றனர். நண்பரின் தந்தையார்க்கு எண்பது கடந்துவிட்டது. அவ்வண்டியிலேயே மீண்டும் ஒருமுறை குன்னூர் மலையேற வேண்டுமென்பது அவர் ஆசை. அதற்காகவே மகன் அவசரப்பட்டார். வேண்டிய சாமான்களையெல்லாம் ஒரே வியாபாரியிடம் எழுதி, ஒரே பொட்டலமாக வரவழைத்தார். விலை மிக மலிவு. யாமும் அதைப் பாராட்டினோம் என்பதை ஒளிப்பானேன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டு, பர்லியார் கடந்த சிறிது நேரத்தில் என்ஜின் அவிந்தது. அரைமணி நேரம் நின்றோம். சூடு தணிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிற்று. ஒரு மைல் சென்றதும் மீண்டும் அவிந்தது. மூன்றாம் முறை நின்றபோது, நண்பர் சாமான் பெட்டியைக் கிளறி, தாம் கழற்றியெறியாமல் விட்டிருந்த பழைய ரோட்டரை எடுத்து மாட்டினார். முனை கருகிய அக்கிழட்டு உறுப்பு உடனே வேலை செய்தது. மலையுச்சி வரையில் பின்பு ஒரு தடங்கலுமில்லை. எல்லாரும் மகிழ்ந்திருக்கையில், பின்னாசனத்திலிருந்த முதியவர் மெல்ல, “பிரேக்கு ரப்பரும் அந்தக் கடையிலேதானே வாங்கினாய்?” என்று வினவினார். மகன் விடை கூறவில்லை. ஏறிய வளைவுகளையெல்லாம் இனி இறங்கவேண்டுமே என்பது எங்கள் அனைவர்க்கும் ஒரே கணத்தில் நினைவு வந்தது.

முதியவரை மலை ரயிலில் அனுப்பினோம். வண்டி லாரியின்மேல் ஏறி, மிக வெட்கத்தோடு கீழே வந்தது. பின்னர் ஒரு மாத காலம், அப்பொட்டலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்வதே எமக்கும் நண்பருக்கும் மாலை வேலையாயிற்று. அங்ஙனம் யாம் கற்றவற்றையும், இங்கிலாந்தில் இத்துறையில் உழைப்போர் பல்லாண்டுகளாகக் கண்டறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு கூறுவோம்.

முதலில் ரோட்டர். பழைய பெட்ரோல் என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கிண்ணத்தினுள்ளே கட்டைவிரலளவான இவ்வுறுப்பு சுழன்று, பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பகிர்ந்து கொடுக்கும். அதன் மேற்புறத்தில் பித்தளைத் தகடு. அடியில் இரும்புத் தண்டைப் பற்றும் வில். இரண்டிற்கும் இடையே மின்சாரம் ஊடுருவாத பேக்லைட் போன்ற பொருள். இவ்விடைப்பொருளே ரோட்டரின் உயிர். நகல் ரோட்டர்கள் பலவற்றில் பித்தளைத் தகட்டை நிறுத்த ஓர் ஆணி அறையப்பட்டிருக்கும். அவ்வாணியின் அடி, கீழுள்ள வில்லுக்கு மிக அருகே இறங்கிவிட்டால், நடுவே எஞ்சிய மெல்லிய படலத்தை மின்சாரம் துளைத்துக்கொண்டு தண்டின் வழியே நிலத்திற்கு ஓடிவிடும். கறுப்பு நிறத்திற்காகக் கரித்தூளை மிகுதியாகச் சேர்த்தாலும் இதே கேடு. கரி மின்சாரத்தைக் கடத்துமன்றோ? சூடேறும்பொழுது கசிவு மிகும்; குளிர்ந்தால் குறையும். பர்லியாரில் யாம் அரைமணிக்கொருமுறை கண்ட கூத்தின் காரணம் இதுவே. இங்கிலாந்தில் இக்குறை பெரிதும் பேசப்பட்டபின், ஆணியே இல்லாமல் தகட்டை வார்ப்பிலேயே பதித்துச் செய்த ரோட்டர்கள் விற்பனைக்கு வந்தன. அவை விலை கூடியவை. ஆயினும் சில தேநீர்களின் விலையே கூடுதல். சோதிக்கும் வழியும் எளிது: மேல்மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் கம்பியின் நுனியை ரோட்டரின் நடுத்தகட்டிற்குச் சிறிது மேலே பிடித்து, என்ஜினைச் சுழற்ற வேண்டும். கம்பியைக் காப்புள்ள கொறடாலன்றிக் கையாற் பற்றலாகாது. பளிச்சென்ற பொறி மீண்டும் மீண்டும் பாயுமாயின் ரோட்டர் ஓட்டையென்று கொள்க.

கண்டென்சரின் கதையும் இதனை ஒத்ததே. அது புறத்தே ஒரு சிறு தகர உருளை. உள்ளே ஈயத்தாளையொத்த உலோகத் தாளும் காகிதமும் சுருட்டப்பட்டிருக்கும். சுருளும் முனையும் உறுதியாய் இணையாதுபோனால், வெந்நீர் ஏறாத குளிர் என்ஜினில் நன்றாயிருந்து, சூட்டில் கைவிடும். வெட்டிப் பார்த்தாலன்றி நல்லதும் கெட்டதும் ஒரே முகம்.

ரப்பர் உறுப்புகளே எமக்குப் பெருங்கவலை தந்தவை. கழற்றிப் பார்த்தபொழுது, பிரேக்குச் சிலிண்டர்களில் இருந்த கப்புகளுள் ஒன்று தன் அளவிற்கு மேல் பருத்து, நடமாட இடமின்றி இறுகியிருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. அவை அனைத்தும் ஒரே பையில் வந்தவை. கண்ணாற் கண்டு வேறுபாடு கூற எவராலும் இயலாது. இரசாயனம் கற்கும் மாணவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். ரப்பர் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை பல வேறு பொருள்கள். சாதாரண பிரேக்கு எண்ணெய் கிளைக்கால் இனத்தது. இயற்கை ரப்பரும், இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரும் அதனைத் தாங்கும். நைட்ரைல் ரப்பரோ பெட்ரோலையும் என்ஜின் எண்ணெயையும் தாங்கும். பிரேக்கு எண்ணெயில் ஊறினால் வீங்கும். இதற்கு மாறாக, பிரேக்குக்குரிய ரப்பரில் தாது எண்ணெய் பட்டால் அது வீங்கிக் கெடும். ஆகவே வடிவத்தைச் சிறிதும் பிழையாமல் நகலெடுத்து, பிழையான ரப்பரில் வார்த்தவன் நஞ்சை மருந்துக் குப்பியில் அடைத்தவனே.

இவ்வேறுபாட்டிற்குச் சரித்திரத்தில் ஒரு சிறந்த சாட்சியும் உண்டு. பிரெஞ்சு நாட்டுச் சித்ரோன் கம்பெனியார் 1955ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் வெளியிட்ட டி.எஸ். என்னும் வண்டி, எண்ணெய் அழுத்தத்தாலேயே எழுந்து தாழ்ந்து, திரும்பி, நிற்பது. முன்னர் அதற்குச் சிவந்த செயற்கை எண்ணெய் வார்த்துவந்தனர். 1966ஆம் ஆண்டில் ஐரோப்பிய வண்டிகளுக்குப் பசிய தாது எண்ணெயாக மாற்றினர். அதனோடு ரப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றவேண்டியதாயிற்று. சிவப்பு வண்டியின் வளையம் பச்சை வண்டிக்கு ஆகாது. வடிவமும் அளவும் ஒன்றேயாயினும் ஆகாது. தவறி மாட்டினவர்கள் முழு அமைப்பையும் பிரித்துக் கழுவிய கதைகள் இன்றும் அவ்வண்டிக்காரரிடையே வழங்குகின்றன.

வெளியே காற்றில் நிற்கும் ரப்பருக்கு வேறொரு பகைவன் உண்டு. காற்றிலுள்ள ஓசோன், நீட்டிப் பிடிக்கப்பட்ட ரப்பரைச் சிறிது சிறிதாக வெட்டும். கோடையில் ஏரிக் களிமண் வெடிப்பதுபோல் மேற்பரப்பில் கோடுகள் தோன்றும். தக்க மருந்துகளைக் கலந்து செய்த பழைய உறைகள் பல்லாண்டு உழைத்தன. அம்மருந்தைச் சேர்க்காத நகல் உறைகள் ஓராண்டிற்குள் கிழிந்து, உள்ளே மண் புகவிடுகின்றன. அப்படியாயின் அக்காலத்திலேயே செய்து விற்காமல் கிடங்கில் தங்கிய அசல் ரப்பரைத் தேடி வாங்கலாமே என்று சிலர் கருதுவர். அதுவும் தவறு. ரப்பர் உறங்கும்பொழுதும் மூப்படையும். அசல் என்னும் சொல் இரும்புக்குப் பெருமை. ரப்பருக்கு வயதை மறைக்கும் போர்வை.

இனி உலோக உறுப்புகளைப் பார்ப்போம். இங்கே நகலெடுப்பவன் அறியாமலே புகும் பிழையொன்று உண்டு. உருகிய இரும்பு உறையும்பொழுது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அலுமினியம் அதனினும் சிறிது மிகுதியாய்ச் சுருங்கும். அச்சுக்கட்டை செய்யும் தச்சன் இதனை அறிந்து, கட்டையைச் சற்றுப் பெரிதாகவே செய்வான். ஆனால் கட்டை செய்யச் சோம்பி, பழைய உறுப்பையே மணலில் பதித்து வார்த்தால், 300 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பு உறுப்பு 3 மில்லிமீட்டர் குறைந்து பிறக்கும். அந்நகலை மாதிரியாக வைத்து மற்றொருவன் வார்ப்பானாயின் இன்னும் குறையும். ஏடெழுதுவோர் பிழைபட்ட ஏட்டைப் பார்த்துப் புதுப்பிழையும் சேர்த்து எழுதிய கதையை நம் தமிழாசிரியர்கள் அடிக்கடி கூறுவதுண்டு, பட்டறையிலும் அதுவே. மாதிரி தேய்ந்ததாயிருப்பின் அத்தேய்மானமும் உடன் நகலாகும். 

திருகாணிகளில் வேறு வகைப் பொறி காத்திருக்கிறது. ஆங்கில வண்டிகளில் அங்குலக் கணக்கே வழங்குமென்று எண்ணி, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய எம்.ஜி. டி.சி. வண்டியின் என்ஜினில் அங்குல ஆணியை முறுக்கியவர் அழுததுண்டு. அவ்வென்ஜினின் மரபு பிரெஞ்சு நாட்டு ஹாட்ச்கிஸ் கம்பெனியாரின் காவென்ட்ரி தொழிற்சாலையிலிருந்து வந்தது. மாரிஸ் கம்பெனியார் அதை 1923ஆம் ஆண்டில் வாங்கினர். பிரெஞ்சு யந்திரங்கள் வெட்டிய மில்லிமீட்டர்ப் புரியை மாற்றாமல், ஆங்கிலத் திருகுசாவி பொருந்துமாறு தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தனர். தலையைப் பார்த்து நகலெடுத்தவன் புரியில் ஏமாறுவான்!

தகட்டு வேலையில் நல்ல செய்தியும் உண்டு. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. வண்டிகளின் கூடுகள் துருவுக்கு இரையாயின. கையால் வளைத்த நகல் தகடுகள் கதவிடைவெளியில் ஒருபுறம் விரல் நுழையவும் மறுபுறம் தாள் நுழையாமலும் நின்றன. ஓரங்களின் கூர்மை மழுங்கியிருந்தது. சில மெல்லிய தகட்டால் ஆனவை. அப்பொழுது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனத்தார், சிதறிக் கிடந்த மூல அச்சுகளைத் தேடித் திரட்டிச் செப்பனிட்டு, 1988ஆம் ஆண்டில் பாரிங்டன் என்னும் ஊரில் முழுக் கூட்டையே புதிதாய்ச் செய்யத் தொடங்கினர். அதன் பயன் வியக்கத்தக்கது. அக்கூட்டை அடிப்படையாகக் கொண்டே 1992ஆம் ஆண்டில் ஆர்.வி.8 என்னும் புது எம்.ஜி. வண்டி வெளிவந்தது. பழையதைக் காக்கச் செய்த உறுப்பு புது வண்டியொன்றையே ஈன்றது. எனினும் மூல அச்சினின்று வந்த தகடும் தானே பொருந்திவிடுமென எண்ணலாகாது. தொழிற்சாலையிலேயே கதவையும் மூடியையும் தட்டிப் பொருத்துவதற்கென்று கைதேர்ந்த ஆட்கள் இருந்தனர். நாம் அசல் என்று போற்றுவதன் செம்மையில் அவர்களுடைய மரச்சுத்தியலுக்கும் பங்குண்டு.

நகல்கள் ஏன் தாழ்கின்றன? வஞ்சகமே காரணமென்று கூறிவிடுதல் எளிது. கம்பெனி முத்திரையைத் திருடிப் பொறித்த கள்ளச் சரக்கும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் நிகழ்வது வேறு. அந்நாளில் ரோட்டரை வாங்கியவர் வண்டிக்காரர் அல்லர், தொழிற்சாலை. அதற்கு வரைபடமும் சோதனைச்சாலையும் இருந்தன; ஒரு பெட்டியில் சில உறுப்புகள் தவறினும் முழுப் பெட்டியையும் திருப்பியனுப்பும் வல்லமை இருந்தது. இன்று வாங்குபவர் தனியொருவர். அவரிடம் இருப்பன இரண்டு கண்களும் ஒரு விலைப்பட்டியலுமே. வருஷத்தில் சில நூறு மட்டும் விற்கும் உறுப்புக்கு நல்ல அச்சும் நெடுஞ்சோதனையும் செய்ய முதல் எங்கிருந்து வரும்? வண்ணம் பூசுவதற்கு லட்சம் ரூபாய் மகிழ்ந்து கொடுக்கும் நாம், மூடிக்குள் மறையும் ரோட்டருக்கு ஐம்பது ரூபாய் பேரம் பேசுகிறோம். வியாபாரியும் நம்மைப் பார்த்தே கற்கிறான்.

எல்லா நகலும் தாழ்ந்ததென்பதும் பொய். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலவாத பெட்ரோல் நாடெங்கும் வந்தபின், பழைய என்ஜின்களின் வால்வு அமரும் இடங்கள் தேயத் தொடங்கின; இன்று செய்யப்படும் கடின உலோக வளையங்கள் அசலினும் நன்கு உழைக்கின்றன. பெட்ரோலுடன் எத்தனால் கலப்பதும் பெருகிவிட்டது. பிரிட்டனில் 2021 முதல் 10 சதவிகிதம் வரை. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் 20 சதவிகிதத்தை எட்டியது. அதில் பழைய அசல் பெட்ரோல் குழாய்கள் கசிந்து உதிர்கின்றன. ஈண்டு அசலைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நெருப்பை மடியிற் கட்டுகிறான்.

அசல் எது, நகல் எது என்னும் வினாவே சில சமயம் கலங்கிப் போகும். ராயல் என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளை 1955 முதல் சென்னையில் ஒன்றுசேர்த்தனர். பின்னர் உறுப்புகள் அனைத்தும் திருவொற்றியூர்த் தொழிற்சாலையை நம்பியே வந்தன. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து மூலத் தொழிற்சாலை 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1970உடன் அந்நாட்டு உற்பத்தியே நின்றது. 1977ஆம் ஆண்டில் சென்னை புல்லட்டுகள் இங்கிலாந்திற்கே கப்பலேறின. ரெடிச் வண்டிக்காரர் ஒருவர் சென்னையில் செய்த உறுப்பை மாட்டுவாராயின் அது நகலோ, அசலின் தொடர்ச்சியோ? யாம் தொடர்ச்சியென்றே கொள்வோம். தமிழ்நாட்டுத் தொழிலாளர்பால் எமக்குள்ள பற்று இத்தீர்ப்பிற் கலந்திருத்தலும் கூடும். இதனையொட்டி, பிவா கூட்டமைப்பார் ஏற்ற டூரின் சாசனம், புதிதாய் மாற்றிய உறுப்புகளில் நிலையான அடையாளமிட வேண்டுமென்கிறது. பின்வருவோர் மயங்காமைப்பொருட்டு இது நல்ல ஏற்பாடு. எம் நண்பர் இப்பொழுது ஒவ்வோர் உறுப்பிலும் மாட்டிய தேதியைச் சிறு எழுத்தாற் பொறித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடையின் பெயரையும் விலையையும் குறித்து வருகிறார்.

அப்பொட்டலத்தில் கடைசியாக எஞ்சியிருந்தது, முன் சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் அடியில் மாட்டும் புரி வெட்டிய கட்டை. மாரிஸ் மைனரில் முன்பாரம் முழுதும் அப்புரியிலேயே தொங்கும். கிரீஸ் இடாது விட்டாலும் புரி தளர்ந்தாலும், கட்டை கழன்று சக்கரம் மடங்கிவிடும். ஆகவே அவ்வண்டியின் பழைய கையேடுகள் கிரீஸ் இடுவதை ஓயாது வற்புறுத்தின. எங்கள் ஊர் மிஸ்திரி புதுக் கட்டையைப் பின்னில் கையால் ஏற்றி, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அளவுகோலைத் தொடவேயில்லை. “ஐயா, இதை நான் மாட்டமாட்டேன். வேறு ஆளை வைத்து மாட்டிக்கொள்ளுங்கள்” என்று கூறிக் கையைத் துடைத்துக்கொண்டார். நண்பர் சினக்கவில்லை. பழைய கட்டையில் தேய்மானம் குறைவென்று கண்டு, அதனையே கழுவிக் கிரீஸ் இட்டு ஏற்றினர். பிரேக்குக் கப்புகள் வேறோரிடத்திலிருந்து வந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து, பிரேக்கு எண்ணெய் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் ஒரு வாரம் ஊறவிட்டு, முன்னும் பின்னும் அளந்த பின்னரே மற்றவற்றை மாட்டினோம்.

சென்ற தை மாதத்தில் முதியவர் மறுபடியும் பின்னாசனத்தில் அமர்ந்தார். ஏறும்பொழுது உறங்கிவிட்டார், இறங்கும்பொழுது ஒவ்வொரு வளைவிலும் விழித்திருந்தார்.